ஸ்டுடியோவில் நின்றவரை மெரினா விடியலில் நிறுத்துவது எப்படி?

பல படங்களை ஒட்டிச் செய்த காம்போசிட் படத்தைப் பார்த்ததும் "இது ஒட்டினது" என்று சொல்லிவிடுகிறோம். வெட்டிய ஓரம் பிசிறடிப்பது அதற்குக் காரணமாக இருப்பது குறைவு. வெளிச்சம் ஒரு பக்கமும் நிழல் இன்னொரு பக்கமும் போவது, ஆள் தரையில் நிற்காமல் மிதப்பது, பின்னணியை இடுப்பு உயரத்திலிருந்தும் ஆளைக் கண் உயரத்திலிருந்தும் எடுத்திருப்பது: கண் முதலில் பிடிப்பது இவற்றைத்தான். இவை எதையும் போட்டோஷாப்பில் முழுதாகத் திருத்த முடியாது. அதனால் இங்கே பாதிக்கு மேல் கேமரா வேலைதான் வருகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். விடியற்காலை மெரினா மணல், பின்னால் கரையேற்றிய ஃபைபர் படகு, முன்னால் முழு அலங்காரத்தில் அரைமண்டியில் (முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை) ஒரு பரதநாட்டியக் கலைஞர், வானத்தில் நாலைந்து காக்கைகள். நான்கையும் தனித்தனியாக எடுக்கப்போகிறோம். உப்புக் காற்றிலும் வியர்வையிலும் ஒப்பனை அரை மணி நேரம்கூடத் தாங்காது. வாடகை நகையைக் கடல் மணலில் தொலைத்தால் தேடவும் முடியாது. ஸ்டுடியோவுக்குப் போக இந்த இரண்டு காரணமே போதும்.

முதலில் பின்னணி

வரிசையை மாற்றாதீர்கள். ஸ்டுடியோவில் வெளிச்சத்தை நம் இஷ்டத்துக்கு நகர்த்தலாம், சூரியனை நகர்த்த முடியாது. ஆளை முதலில் எடுத்துவிட்டு அதற்கு ஒத்த விடியலைத் தேடி வாரக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

சென்னையில் ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5:42 வாக்கில் எழும்; ஜனவரி கடைசியில் 6:35 ஆகிவிடும். நேரத்தைவிட முக்கியம் திசை. ஜூனில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் எழும். 50 மி.மீ. லென்ஸ் படுக்கைவாக்கில் பார்க்கும் அகலமே 40 டிகிரிதான். ஆகவே டிசம்பரில் எடுத்த பின்னணியில் ஏதோ குறை என்று ஜூனில் அதே இடத்துக்குப் போனால், சூரியன் ஃப்ரேமை விட்டே வெளியேறியிருக்கும். எடுக்கும்போதே போதுமான ஃப்ரேம்கள் எடுத்துவிடுங்கள். (மெரினாக் கடலில் சூரியன் மறைவதாகத் தலைப்பிட்ட படங்களும் இணையத்தில் சுற்றுகின்றன. கிழக்குக் கரையில் அது நடக்காது. ஒட்டியவர் ஊரைப் பார்க்காதவர்.)

நடு மெரினாவில் மணல் மிக அகலம். தண்ணீர் தள்ளிப்போய்விடும், கடைகளும் குறுக்கே வரும். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, நொச்சிக்குப்பம் பக்கம் போனால் கடல் நெருங்கி வரும், படகுகளும் அங்கேயே நிற்கும். தண்ணீர் ஓரத்துச் சரிவை விட்டுவிட்டு மட்டமான, காய்ந்த மணலாகத் தேர்ந்தெடுங்கள். ஈர மணல் அழகுதான். ஆனால் அதில் பிரதிபலிப்பு வேண்டும். ஆளைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் அது பிரதிபலிப்பு ஆகாது, ஏனென்றால் நிஜப் பிரதிபலிப்பில் ஆடையின் விசிறி மடிப்புக்கு அடிப்பக்கம் தெரியும். முதல் முயற்சிக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

ஏ.சி. அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கேமராவைக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். வணிகப் படப்பிடிப்பு என்றால் அனுமதியை முன்னதாகவே வாங்கிவிடுங்கள்.

கேமரா அமைப்பு இது: முழு ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. (ஏபிஎஸ்-சி என்றால் 35), நிமிர்த்திய ஃப்ரேம், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, வெள்ளைச் சமன் 5000 கெல்வினில் பூட்டி, ரா ஃபைல் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு). லென்ஸின் நடுப்புள்ளி மணலிலிருந்து 90 செ.மீ. உயரம். கேமரா முன்பக்கமோ பின்பக்கமோ சாயாமல் மட்டமாக இருக்க வேண்டும். திரையில் வரும் மட்டக்கோட்டைப் பாருங்கள். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, தாளையும் படமெடுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவில் "தொண்ணூறா, நூறா?" என்று யோசிப்பதில்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

கலைஞர் நிற்கப்போகும் இடம் கேமராவிலிருந்து 4.5 மீட்டர். ஃபோகஸை அங்கே வைத்து, வளையத்தை செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். கடலுக்கு ஃபோகஸ் செய்யாதீர்கள். எஃப் 8-இல் 4.5 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய 8 மீட்டருக்கு அப்பால் எல்லாம் மெல்லக் குழைந்துவிடும். நிஜமாகவே அங்கே ஆள் நின்றிருந்தால் கடலும் படகும் அப்படித்தான் விழுந்திருக்கும். கூர்மையான கடலின் முன்னால் கூர்மையான ஆளை ஒட்டினால் சுவரொட்டி மாதிரி இருக்கும்.

சூரியன் எழுந்து அரை மணி நேரம் ஆனதும் எடுங்கள். அப்போது அது சுமார் 7 டிகிரி உயரத்தில் இருக்கும். ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி இடப்பக்கம், அதாவது ஃப்ரேமுக்கு வெளியே, சூரியன் இருக்கும்படி திரும்பிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) மூன்று எக்ஸ்போஷர்கள், ஆளில்லாத வெற்று ஃப்ரேம்.

அடுத்து உதவியாளரை 4.5 மீட்டரில் நிறுத்துங்கள். அவர் ஒரு கையில் ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் ஊன்றிப் பிடிக்கட்டும். இன்னொரு கையில் முதலில் பளபளப்பான எவர்சில்வர் சொம்பு, அடுத்த ஃப்ரேமில் ஒரு வெள்ளை முட்டை. சிரிப்பாக இருந்தாலும் இந்த இரண்டும்தான் இந்தப் படத்தின் உயிர். சொம்பின் வயிற்றில் சூரியன் எங்கே புள்ளியாக விழுகிறது, வானம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, மணலிலிருந்து எவ்வளவு வெளிச்சம் மேலே ஏறுகிறது என்பதெல்லாம் தெரியும். முட்டையில் வெளிச்சம் நிழலாக மாறும் கோடு கூர்மையா குழைவா, நிழல் பக்கம் எவ்வளவு இருட்டு, அது நீலமா சாம்பலா என்பது தெரியும். சினிமா கிராஃபிக்ஸ்காரர்கள் கண்ணாடிப் பந்தையும் சாம்பல் பந்தையும் இதே வேலைக்குப் பிடிக்கிறார்கள்.

தொடுவானக் கணக்கு

மட்டமான தரையில் கேமரா 90 செ.மீ. உயரத்தில் இருந்தால், ஃப்ரேமில் யார் எங்கே நின்றாலும் தொடுவானம் அவர்களைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில்தான் வெட்டும். பக்கத்தில் நிற்பவருக்கும் அப்படியே, ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் அப்படியே. 160 செ.மீ. உயரமுள்ளவர் நிமிர்ந்து நின்றால் கோடு இடுப்பருகே போகும். அரைமண்டியில் உடம்பு இறங்குவதால் அதே கோடு மார்புப் பக்கம் ஏறிவிடும். படகின் விளிம்பு ஒரு மீட்டர் உயரம் என்றால் தொடுவானம் அதற்கு 10 செ.மீ. கீழே ஓட வேண்டும். கடற்கரைப் படத்தில் தொடுவானம் கண்ணுக்கு எதிரே கிடப்பதால் இந்தப் பிழை ஒளிய இடமில்லை. ஆள் ராட்சசியாகவோ பொம்மையாகவோ தெரிந்தால் முதலில் இந்தக் கோட்டைச் சரிபாருங்கள்.

படகும் காக்கையும்

வெற்று ஃப்ரேமில் படகு வேண்டிய இடத்தில் இருக்காது. வேறொரு படகை, அதே காலையில், அதே 90 செ.மீ. உயரத்தில், அதே சூரியத் திசையில், 15 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். ஃபோகஸ் வளையத்தின் டேப்பைப் பிரிக்கக் கூடாது. படகு சற்றுக் குழைந்துதான் வர வேண்டும். இப்படி எடுத்தால் ஒட்டும்போது பெரிதாக்கவோ சிறிதாக்கவோ தேவையே இல்லை. படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதிவு எண்ணை அழிப்பது நல்லது. படகை இடவலமாகத் திருப்பிப் போட்டு எழுத்துகள் தலைமாறிக் கிடக்கும் படங்கள் ஏராளம்.

காக்கைகளுக்கு மாஸ்க்கே (லேயரில் வேண்டாத பகுதியை மறைப்பது) வேண்டாம். வெளிறிய வானத்தின் எதிரில் 1/1000 வினாடியில் எடுங்கள். அந்த லேயரை மல்டிப்ளை முறையில் வைத்து, லெவல்ஸில் வானத்தை முழு வெள்ளைக்குத் தள்ளினால் வானம் மறைந்து காக்கை மட்டும் நிற்கும். கருப்புப் பின்னணியில் எடுத்த மழைத்துளிக்கும் தீப்பொறிக்கும் இதன் எதிர்முறை: ஸ்க்ரீன்.

ஸ்டுடியோ

இடம் எவ்வளவு வேண்டும்? கேமராவிலிருந்து ஆள் 4.5 மீட்டர், ஆளிலிருந்து திரை 2 மீட்டர், நமக்குப் பின்னால் நிற்க ஒரு மீட்டர். மொத்தம் இருபத்தைந்து அடி. இருபதடி அறையில் லென்ஸை அகலமாக்கிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். கூடாது. முகமும் கையும் எந்த விகிதத்தில் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது தூரம்; லென்ஸ் வெறும் வெட்டு. தூரம் குறைந்தால் முன்னே நீட்டிய கை பெருத்துவிடும், சலங்கை மேலிருந்து பார்ப்பதுபோல் ஆகிவிடும். அறை இல்லையென்றால் சூரியன் இறங்கிய பிறகு மொட்டை மாடி நல்ல ஸ்டுடியோ.

திரை சாம்பல் நிறம். பச்சைத் திரை நம் ஊர் அலங்காரத்துக்கு எதிரி: கிளிப்பச்சை, மயில்கழுத்துக் கரைகளைத் தின்னும், ஜரிகையிலும் கோவில் நகையிலும் மல்லிகைச் சரத்திலும் பச்சை ஏறும். பிறகு அதை உருவி எடுக்க ஒரு பகல் போகும். சாம்பல் திரைக்குத் தனி விளக்குப் போட்டு, முகத்தைவிட ஒரு ஸ்டாப் வெளிச்சமாக வையுங்கள். கலைஞரின் பின்னால் வரப்போவது வெளிறிய வானம். கருங்கூந்தல் வெளிச்சத்தின் எதிரில் எடுக்கப்பட்டிருந்தால்தான் தனி மயிரிழைகள் பிழைக்கும்.

தரைக்கு 4 அடிக்கு 3 அடி பிளைவுட் பலகை, நான்கு பக்கமும் சட்டம் அடித்து, மூன்று அங்குலம் சலித்த மணல். கட்டட மணல் போதும். நிறத்தைப் பின்னால் மாற்றலாம். மருதாணிச் சிவப்பிட்ட பாதம் மணலில் கொஞ்சம் புதைவதும், விரல்களின் ஓரம் மணல் ஏறுவதும், பாதத்துக்கு அடியில் விழும் அந்த மெல்லிய கருங்கோடும் நிஜமாகவே கிடைத்துவிடும். இதை வரைந்து கொண்டுவர முயன்றவர்களுக்கு இந்தப் பலகையின் அருமை தெரியும். கேமராவின் 90 செ.மீ. இப்போது மணல் மட்டத்திலிருந்து. தரையிலிருந்து அளந்தால் மூன்று அங்குலம் பிசகும்.

சூரியனுக்குப் பதில் ஒரு ஃப்ளாஷ், 18 செ.மீ. ரிஃப்ளெக்டரோடு. முன்னால் சாஃப்ட்பாக்ஸ் எதுவும் மாட்டாதீர்கள். சூரியன் கூர்மையான விளக்கு. முழு சி.டி.ஓ. ஜெல் (வெளிச்சத்தை ஆரஞ்சாக்கும் நிறத்தாள்) போட்டால் 5500 கெல்வின் 3000 பக்கம் இறங்கும். கலைஞருக்கு 2 மீட்டர் பின்னால், 1.15 மீட்டர் இடப்பக்கம் வைத்தால் அந்த 30 டிகிரி கிடைக்கும். உயரம் அவருடைய மார்பைவிட ஒரு சாண் மேலே. ஸ்டாண்டு ஃப்ரேமுக்குள் தெரியும்; வெட்டப்போகிறோம், கவலையில்லை. கைவிரலோடு சேராமல் இருந்தால் சரி. லென்ஸில் நேராக வெளிச்சம் அடிக்காமல் ஒரு கருப்பு அட்டையை இடையில் பிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரு கையும் விரித்து நிற்கும்போது விளக்குப் பக்கத்துக் கையிலிருந்து விளக்கு 2 மீட்டர், மறு கையிலிருந்து 2.8 மீட்டர். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறைவதால் இரண்டு கைக்கும் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வித்தியாசம் வரும். சூரியனில் இது வரவே வராது. முடிந்தவரை விளக்கைப் பின்னே தள்ளுங்கள். மிச்சத்தை ரா ஃபைலில் கை மட்டும் ஏற்றிச் சரிசெய்யலாம்.

முன்பக்கத்துக்குக் கேமராவின் பின்னால் பெரிய வெள்ளைக் குடை, ஜெல் இல்லாமல், பின் விளக்கைவிட இரண்டு ஸ்டாப் குறைவாக. ஆரஞ்சுக்கு எதிரில் அது நீலச்சாயலாகத் தெரியும். மேற்கு வானம் தரும் வெளிச்சம் அதுதான். கீழே ஒரு வெளிர்மஞ்சள் துணி விரித்தால் மணலின் ஏற்றம் முகவாயில் விழும்.

இனி சொம்பும் முட்டையும். கலைஞர் வரும் முன், அவர் நிற்குமிடத்தில் இரண்டையும் பிடித்து எடுங்கள். கடற்கரை ஃப்ரேமை மடிக்கணினியில் பக்கத்தில் வையுங்கள். முட்டையின் நிழல்பக்கம் அங்கே இருப்பதைவிடக் கருப்பாக இருந்தால் குடையை ஏற்றுங்கள், மாறும் கோடு குழைந்தால் பின் விளக்கைத் தள்ளுங்கள். இரண்டு முட்டையும் ஒன்றுபோல் ஆன பிறகுதான் கலைஞரைக் கூப்பிட வேண்டும். அரைமண்டியில் ஒருவரை நிற்கவைத்துவிட்டு விளக்கு சரிசெய்வது பாவம்.

ஒட்டுதல்

நான்கு ரா ஃபைல்களையும் ஒரே அமைப்பில் திறந்து, ஷார்ப்னிங்கைப் பூஜ்யமாக்கி, 16 பிட்டில் அனுப்புங்கள். போட்டோஷாப் இல்லாதவர்கள் ஒட்டும் வேலையை ஜிம்ப், ஃபோட்டோபீ இரண்டிலும் செய்யலாம். மெனுப் பெயர்களும் சில வசதிகளும் மாறும்.

உடம்பு, நகை, விசிறி மடிப்பு ஓரங்களுக்குப் பென் டூல். தானியங்கித் தேர்வு விரல்களுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைத்துவிடும்; முத்திரை கெட்டுப்போகும். ஏ.ஐ. நிரப்பலை வானத்தை நீட்ட வேண்டுமானால் பயன்படுத்துங்கள், கைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். கத்தரிமுகமா சிகரமா என்பது நாட்டியம் தெரிந்தவருக்கு ஒரு நொடி வேலை. 24 மெகாபிக்சலில் இந்தத் தூரத்தில் ஒரு பிக்சல் என்பது அரை மி.மீ.; மாஸ்க் ஓரத்துக்கு ஒரு பிக்சல் குழைவு போதும்.

கூந்தலுக்கு: நீலச் சேனலைப் பிரதி எடுத்து, லெவல்ஸில் திரையை வெள்ளையாகவும் முடியைக் கருப்பாகவும் தள்ளி, கருப்பு வெள்ளையை மாற்றி (இன்வெர்ட்) மாஸ்க்காக்குங்கள். அப்படியும் தப்பும் ஒற்றை இழைகளுக்கு, கலைஞர் லேயரின் பிரதியை மல்டிப்ளையில் மாஸ்க்குக்கு அடியில் வைத்து, தலையைச் சுற்றி மட்டும் பிரஷால் திறந்துவிடுங்கள். மல்லிகை வெள்ளை என்பதால் மல்டிப்ளையில் காணாமல் போகும். பூவைப் பென் டூலால்தான் வெட்ட வேண்டும்.

இடவலமாகத் திருப்பிப் போடும் ஆசை வரும். வெளிச்சம் தவறிப்போவது ஒருபுறம் இருக்க, மேலாக்கு இடத்தோளிலிருந்து வலத்தோளுக்குப் போய்விடும், நெற்றிச்சுட்டிக்கு வலப்பக்கம் இருக்க வேண்டிய சூரியன் நகை இடப்பக்கம் வந்து சந்திரனோடு இடம் மாறிவிடும்.

நிழலில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 7 டிகிரிச் சூரியனில் நிழல் உயரத்தைப் போல் எட்டு மடங்கு. நிமிர்ந்த 160 செ.மீ. ஆளுக்கு 13 மீட்டர். கேமராவோ 4.5 மீட்டரில். அதாவது நிழல் வலப்பக்கமாகக் கேமராவை நோக்கி ஓடி, ஒன்றரை மீட்டருக்குள் ஃப்ரேமை விட்டு வெளியேறிவிடும். படத்தில் தெரிய வேண்டியது தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும் பகுதியின் நிழல் மட்டும்: இரண்டு பாதம், சலங்கை, அவ்வளவே. ஆளின் முழு உருவத்தையும் புரட்டி முன்னால் படுக்கவைத்தால் அது காலை ஒன்பது மணி நிழலோடு ஆறரை மணி வானம். நிழலைக் கருப்பால் நிரப்பாமல், அதே ஃப்ரேமில் உதவியாளரின் நிழல் விழுந்த மணலிலிருந்து நிறம் எடுத்து, மல்டிப்ளையில் வையுங்கள். பாதத்தருகே கூர்மை, தள்ளிப்போகப் போகக் குழைவு. சூரியன் அரை டிகிரி அகலமானது, ஆகவே ஒவ்வொரு மீட்டருக்கும் நிழலின் ஓரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குழையும்.

மணல் பலகையை ஒரு வட்டம்போல் விட்டுவைத்து, பின்னணி மணலோடு மென்மையான பிரஷால் கரைத்துவிடுங்கள். பலகையில் குடை போட்ட நிழல் ஏதும் இருந்தால் குளோனில் எடுத்துவிட வேண்டும்.

நிறப் பொருத்தத்துக்குக் கண்ணை நம்பாதீர்கள். சேனல்களை ஒவ்வொன்றாகக் கருப்பு வெள்ளையில் பாருங்கள். சிவப்பில் ஒட்டியும் நீலத்தில் துருத்தியும் தெரிந்தால், கலைஞருக்கு மட்டும் கிளிப் செய்த கர்வ்ஸில் நீலத்தை மட்டும் திருத்துங்கள். கடல் ஈரத்தால் தூரத்துக் கருப்பு கருப்பாக இருக்காது. பின்னணியில் 15 மீட்டரில் கிடக்கும் ஏதாவது ஒன்றின் இருட்டை ஐட்ராப்பர் டூலால் அளந்து, படகின் கருப்பையும் அந்த எண்ணுக்கு ஏற்றுங்கள். கலைஞரின் கூந்தல் அதைவிட ஆழமாக இருக்கலாம், காக்கை இருக்கக் கூடாது.

பின் வெளிச்சத்தில் வானம் ஆளின் ஓரத்தில் கொஞ்சம் வழியும். பின்னணியின் பிரதியை 40 பிக்சல் அளவுக்குக் குழைத்து, கலைஞர் லேயருக்குக் கிளிப் செய்து, ஸ்க்ரீனில் வைத்து, ஓரத்தில் பத்துப் பதினைந்து பிக்சல் மட்டும் தெரியும்படி மாஸ்க் போடுங்கள். லேயரின் ஒபாசிட்டி 20 சதவீதம் தாண்டினால் சாமி படத்து ஒளிவட்டம் ஆகிவிடும். கடைசியில் 50 சதவீதச் சாம்பல் லேயரில் நாய்ஸ் சேர்த்து ஓவர்லேயில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நான்கு ஃபைலின் துகளும் ஒன்றாகும். ஷார்ப்னிங் அதற்கும் பிறகு, அச்சு அளவு தெரிந்தபின்.

12 × 18 அங்குல அச்சுக்கு 300 பிபிஐ-யில் 3600 × 5400 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் ஃப்ரேமிலிருந்து வெட்டிக்கொள்ள இடமிருக்கும். லேபுக்கு எஸ்ஆர்ஜிபி-யில் அனுப்பி, முதலில் கலைஞரின் பாதப்பகுதியை மட்டும் சிறிய துண்டாக அச்சடித்துப் பாருங்கள். திரையில் சரியாகத் தெரியும் நிழல் தாளில் அடைத்துக்கொள்வது அங்கேதான். லேயர்களோடு உள்ள ஃபைலை அழித்துவிட வேண்டாம். "காக்கை இரண்டு போதுமே" என்று போன் வரும்.